பார்த்து நட

ஜூலை 11

தஞ்சாவூர் போய் வந்த அலுப்பு. காலையில் எலும்பு டாக்டர், மத்தியானம் புது வீட்டுக்கு டைல்ஸ் கடை. ஒரே அலைச்சலில் இரண்டும் முடியட்டும் என்று மாமா போட்ட திட்டம்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் செருகிக் காட்டினார். நிலாவின் இடது இடுப்பில் தகடும் திருகுகளும் வெள்ளை வெளேரென்று. எலும்புப் பந்து அதன் கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதாம். பிறந்ததிலிருந்தே விலகியிருந்த மூட்டு. நடக்க ஆரம்பித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆபரேஷன், மார்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு, மறுபடி நடைபழக்கம். என் குழந்தை இரண்டு தடவை நடக்கக் கற்றுக்கொண்டவள்.

"நல்லா நடக்க விடுங்க. ஆனா விழாம பாத்துக்குங்க. இன்னும் ஒரு வருஷம். கால் அகண்டு வழுக்கி விழுந்தா மறுபடி திறக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

மூன்றரை வயதுக் குழந்தையை நடக்கவும் விட வேண்டும், விழவும் விடக் கூடாது. அதற்கு மருந்து எழுதித் தரவில்லை.

அங்கிருந்து நேராகக் கடை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் ஏசி. வெறுங்காலுக்குத் தரை ஜில்லென்று, எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அத்தை அப்படியே நின்றுவிட்டார். சுவரோரம் நிறுத்திவைத்திருந்த பெரிய தந்த நிற டைல்ஸில் அவர் முகம் தெரிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

என் வீட்டுக்காரர் பிரபு ரியாத்திலிருந்து வீடியோ காலில். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாக நடந்தேன். "அதான், அதேதான், இங்க மால்ல எல்லாம் அதான் போட்டிருக்கான்" என்றார். கடைக்காரர் அஸார் இரண்டு விரலால் அதைத் தட்டிக் காட்டினார். கிண் என்றது.

நான் கேட்டேன்: "சொரசொரப்பா, மேட் ஃபினிஷ்ல இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா ஹாலுக்கு யாரும் கேக்க மாட்டாங்க. அழுக்கு புடிச்சுக்குதுன்னு சொல்வாங்க. பார்க்கிங்குக்குத்தான் போகுது."

"ஏன், நடுக்கூடத்துல கார் நிறுத்தப் போறியா?" என்றார் அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். போனுக்குள் பிரபுவும். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூலை 13

அஸாரிடம் கெஞ்சி வாங்கிவந்த இரண்டு சாம்பிள் துண்டுகளையும் பின்கட்டுக் குளியலறையில் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி ஏறி நின்று பார்த்தேன். பளபளா துண்டில் என் குதிகால் சர்ரென்று போய்ச் சுவரில் இடித்தது. மேட் துண்டில் கால் நின்றது. இடுப்பைத் திருப்பிப் பார்த்தேன், அப்போதும் நின்றது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, பரதநாட்டியமா?" என்று போய்விட்டார்.

தண்ணீர் கொட்டினால்தானே வழுக்கும், துடைத்துவிட்டால் போச்சு என்பார்கள். இங்கே தண்ணீர் யாரும் கொட்ட வேண்டியதில்லை. பூம்புகார் கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்பு ஜாடியில் உப்பு கரைகிறது. தீப்பெட்டி நமத்துப்போகிறது. கல்யாண ஆல்பத்தில் பூஞ்சை. ஐப்பசி பிறந்து கொண்டல் காற்று அடிக்க ஆரம்பித்தால் மாசி வரைக்கும், வழுவழுப்பான தரை எதுவானாலும் தானாகவே வேர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நிற்குமே, அதுதான். ராத்திரி குளிர்ந்த தரைமேல் காலையில் கடல் காற்று வந்து உட்காரும். பி.எஸ்சி. இயற்பியலில் பனிநிலை என்று படித்தேன். மார்க் வாங்க உதவியது. வீட்டில் ஒருத்தரை நம்பவைக்க உதவாது போலிருக்கிறது.

எதைப் போட்டால் இந்த ஊரில் நிலைக்கும் என்றும் உட்கார்ந்து படித்துவிட்டேன். தண்ணீர் குடிக்காத விட்ரிஃபைடு, மேட் ஃபினிஷ், இடுக்குகளில் எபாக்ஸி. சாதா சிமெண்டுப் பூச்சு ஒரே மழையில் கறுத்துப்போகும். எல்லாம் அதே கடையிலேயே இருக்கிறது.

ஜூலை 16

பிரபுவிடம் பேசினேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

"டாக்டர் சொன்னது உனக்கு மனசுல ஓடிட்டே இருக்கு மேகலா, அதான். ஒரு வருஷம்தானே. அப்புறம் அவ ஓடுவா. தரை அம்பது வருஷம் கிடக்கும்."

"அந்த ஒரு வருஷத்துக்குள்ளதாங்க நாம அங்க குடி போறோம்."

"பார்த்து நடந்தா ஒண்ணும் ஆவாது. அம்மா முகத்தப் பாத்தியா கடையில?"

பார்த்தேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஓட்டு வீட்டுச் சிமெண்டுத் தரை பூராவும் வெடிப்பு. வெடிப்பில் உப்பு பூத்து, எறும்பு புற்று வைத்து, மழைக்காலத்தில் அடியிலிருந்து ஓதம் ஏறும். அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குனிந்து துணி போட்டுப் பிழிந்த தரை. முகம் தெரிகிற மாதிரி ஒரு தரை வேண்டும் என்பதைத் தவிர அவர் பிள்ளையிடம் எதையும் கேட்டதில்லை. நான் யார் அதைத் தட்டிப் பறிக்க?

நிலாவின் அம்மா. அவ்வளவுதான்.

ஜூலை 20

செய்யக் கூடாததைச் செய்தேன். அஸாருக்குப் போன் பண்ணி, ஆர்டரை மேட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன் மேடம்" என்றார். கேட்டுவிட்டார்.

சாயங்காலம் பிரபு: "எனக்குப் பின்னாடி கடைக்காரன்கிட்ட பேசுறியா? நான் இங்க யாருக்காகக் கெடக்குறேன்?"

  அவர் ரியாத்தில் அடுத்தவர் வீட்டு ஏசியெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர். அங்கே காற்று காய்ந்த காற்று, தரை என்றைக்கும் காய்ந்த தரை. இந்த ஊர் ஈரம் அவருக்கு மறந்துவிட்டதா, இல்லை மறக்கத்தான் வீடே கட்டுகிறாரா?

ஜூலை 29

லாரி வந்துவிட்டது. தந்த நிறம்.

ஆகஸ்ட் 18

டைல்ஸ் ஒட்ட துரைராசு அண்ணன் ஆட்களோடு வந்திருக்கிறார். மூலைமட்டம், நூல், ரப்பர் சுத்தி. நாள் முழுக்க டொக் டொக். பாத்ரூமுக்கும் அதற்குப் போகிற வழிக்குமாவது மேட் போடலாமா என்று கேட்டேன்.

"போடலாம் தங்கச்சி, பிரபு தம்பி போடச் சொல்லட்டும். ஆனா நான் போட்ட வீடு எல்லாத்துலயும் இதுதான். ஒருத்தரும் வந்து குறை சொல்லல."

"மழைக்காலத்துல போய்ப் பாத்திருக்கீங்களா?"

"அப்ப எனக்கு வேலை ஏது? வீட்ல படுத்திருப்பேன்" என்று சிரித்தார்.

பாத்ரூமுக்குள் மட்டும் பொடிக்கட்டம் போட்ட டைல்ஸ் போடச் சம்மதம் கிடைத்தது. பாத்ரூம் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் கண்ணாடி மாதிரி அதே டைல்ஸ்தான்.

செப்டம்பர் 3

முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தென்னை, எல்லாம் தரைக்குள்ளே தலைகீழாக நிற்கிறது. நிலா குப்புறப் படுத்து, "உள்ள ஒரு பாப்பா இருக்கா" என்று அதற்கு முத்தம் கொடுத்தாள். அத்தை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

வெயில் கொளுத்துகிறது. தரை காய்ந்து கிடக்கிறது. இன்றைக்கு நான் வழுக்கும் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

நான்தான் தப்பாக இருக்க வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும், சாமி.

அக்டோபர் 22

கை வலிக்கிறது. இடது கையால் தாளை அமுக்கிக்கொண்டு எழுத முடியவில்லை.

மூன்று நாளாக மழை. காலையில் விட்டது. புது வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வரலாம் என்று நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் காலைத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். ஹாலில் யாரும் தண்ணீர் கொட்டவில்லை, கூரை ஒழுகவில்லை. தரைக்குள் தென்னை மரம் தெரியவில்லை, வெறும் வெள்ளை மூட்டம். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தேன். அவ்வளவுதான்.

அவளை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அது மட்டும் எப்படியோ. நான் இடது கையை ஊன்றி விழுந்தேன், அவள் என் வயிற்றின்மேல் விழுந்தாள். சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். "இன்னொருக்கா விழும்மா" என்றாள்.

அடிப்பாவி, இன்னொருக்காவா.

அக்டோபர் 23

மயிலாடுதுறையில் நிலாவுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். தகடு இருந்த இடத்தில் இருக்கிறது. எனக்கு மணிக்கட்டில் விரிசல், கட்டு.

மாமா ஆட்டோவில் பேசவே இல்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். வயல், வாய்க்கால், செவலை மாடு, இதைத் தாண்டி வாய் திறப்பது அபூர்வம். அத்தைதான், "புள்ளைய இடுப்புல வச்சிருக்கோமேன்னு ஒரு நெனப்பு வேணாம்? பார்த்து நடக்க வேணாமா?" என்றார். பக்கத்து வீட்டுக் கலைமகள் அக்கா கட்டைப் பார்த்து, "பார்த்து நட மேகலா" என்றார். பிரபு போனில், குரல் உடைந்துதான் போயிருந்தது, இருந்தாலும் அதேதான்: "பார்த்து நட மேகலா."

கீழே கிடந்த தரையைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. விழுந்தவள்தான் தப்பு. நிலா விழுந்தாலும் அவளிடமும் இதைத்தான் சொல்வார்களோ?

நவம்பர் 4

திருவையாற்றிலிருந்து அம்மா போனில். கிரகப்பிரவேசம் முடிந்ததும் நிலாவை அங்கே கூட்டி வந்து ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்டேன்.

"புது வீட்டுக்குக் குடி போன கையோட நீ பொறந்த வீட்டுக்கு வந்தா ஊர் என்னடி பேசும்? மாப்ள ஆசையா கட்டுன வீடு. மிதியடி வாங்கிப் போட்டுக்க."

வாங்கிப் போட்டுப் பார்த்தேன் அம்மா. மிதியடியே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அடியில் ரப்பர் வைத்ததும்தான். ஈரத்தில் ரப்பருக்கே பிடிப்பில்லை. நிலாவுக்கு அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் வாங்கினேன். அரை மணியில் நனைந்துபோய் அவளே கழற்றி எறிந்துவிட்டாள்.

நவம்பர் 19

என்னால முடியல. கண்ணை மூடுனா அந்தத் தரைதான் தெரியுது. அவ கால் ரெண்டும் ரெண்டு பக்கமா போற மாதிரி. மறுபடி அந்த மாவுக்கட்டு, மறுபடி ராத்திரி பூரா "அம்மா அரிக்குது அம்மா அரிக்குது". கட்டுக்குள்ள பென்சில் விட்டு நான் சொறிஞ்சு விட்ட அந்தக் கோடை. இன்னொரு தடவை என்னால முடியாது.

கொல்லையில் கடப்பாரை சாத்தியிருக்கிறது. இன்று மத்தியானம் அதைத் தூக்கிப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையால் தூக்க முடியவில்லை. வைத்துவிட்டு வந்து புளி கரைத்தேன்.

குடி போக மாட்டேன் என்று சொல்லிவிடலாமா? இந்த ஓட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று? தை மாதம் இதைப் பிரித்து நெல் கொட்டகை ஆக்கப்போகிறார்கள். பின்பக்கச் சுவரில் இப்போதே பாதி இல்லை.

நவம்பர் 30

பிரபு வந்தாச்சு. விமான நிலையத்தில் நிலா முதலில் என் பின்னால் ஒளிந்தாள். பிறகு அவர் கையை விடவே இல்லை. அவர் அவள் நடப்பதை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கூடவே பின்னால் நடந்து வந்தார். "நல்லாத்தானே நடக்குறா" என்று என்னிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

நல்லாத்தான் நடக்கிறாள். அதுதானே என் பயம்.

இரண்டு நாளாக வெயில். தரை காய்ந்திருக்கிறது. அவர் அதில் நின்று எல்லாருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.  வந்த அன்றே சண்டையா?

டிசம்பர் 4

நாளை விடியலில் கிரகப்பிரவேசம். மத்தியானத்திலிருந்து மேகம். காற்று கிழக்கே திரும்பிவிட்டது. கன்னத்தில் பிசுபிசுக்கிறது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வேறு யாரிடம் சொல்ல? சாயங்காலம் மாமா செவலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கொம்புக்கு மஞ்சள், கழுத்துக்குப் புது மணி. நாளை முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும், அப்புறம்தான் நாங்கள். கையில் அரிசித் தட்டோடு பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது ஒன்று தோன்றியது. நாளைக்குத் தரை வேர்க்கும். செவலை அதில் கால் வைக்கும். வழுக்கினால், எல்லார் கண் முன்னாலும் வழுக்கினால், அப்போதாவது நம்புவார்கள்.

வழுக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் முழுசாக நினைத்தேன்.

செவலை திரும்பி என்னைப் பார்த்தது. அரிசித் தட்டைத்தான் பார்த்தது, எனக்குத் தெரியும். கன்று அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது. சீ, என்ன மனுஷி நான்? காலையில் முதல் வேலையாக மாமாவிடம் சொல்லிவிட வேண்டும், மாட்டை விடுவதற்கு முன்னால் தரையில் எதையாவது விரியுங்கள் என்று.

டிசம்பர் 5

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

இருட்டு பிரிவதற்குள் எழுந்து, பட்டுப்புடவை கட்டி, நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு புது வீட்டு வாசலுக்குப் போனேன். மாமாவும் பிரபுவும் எனக்கு முன்னால் அங்கே இருந்தார்கள். பிரபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். வாசற்படியிலிருந்து, ஹால் நடுவாக, அடுப்படி வரைக்கும். ஒரு சாக்கின் ஓரத்தின்மேல் இன்னொரு சாக்கின் ஓரம் வருகிற மாதிரி, இரட்டைப் பின்னல் போல. நனைத்துப் பிழிந்து போட்டால்தான் நகராது என்று மாமா சொல்ல, அதையும் செய்துகொண்டிருந்தார். நேற்றே அவிழ்த்து உதறி எடுத்துவைத்த சாக்குகள்.

"எதுக்குங்க இது?" என்றேன். எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

"பின்ன? தரை வழுக்கும்ல. மாடு கால் அகண்டு விழுந்துச்சுன்னா இடுப்பு விட்டுடும். அப்புறம் எந்திரிக்கவே எந்திரிக்காது." அவர் குனிந்தபடியே சொன்னார், சாக்கை இழுத்துக்கொண்டே.

"பார்த்து நடக்காதா?"

"மாடு எப்படிடி பார்த்து நடக்கும்?"

"நிலா?"

அவ்வளவுதான் கேட்டேன். சத்தமாகக் கூட இல்லை.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, நிலாவின் காலைப் பார்த்தார். வெள்ளிக் கொலுசு போட்ட, தழும்புக்குக் கீழே கொஞ்சம் மெலிந்த அந்த இடது கால் என் புடவைமேல் ஆடிக்கொண்டிருந்தது. மாமா கையில் ஒரு சாக்கு பாதி விரித்தபடி நின்றது. அதற்குள் ஐயர் கூப்பிட்டுவிட்டார். அத்தை, "நேரமாவுது, விளக்கைப் புடி" என்று என் கையில் விளக்கைத் திணித்தார்.

செவலை போயிற்று. சாக்கின்மேல் அம்மன் தேர் மாதிரி நிதானமாகப் போயிற்று. கன்று மட்டும் சாக்கை விட்டு ஓரமாகத் துள்ளி, முன்னங்கால் வழுக்கி முட்டி போட்டு எழுந்தது. "பத்திரம், பத்திரம், கன்னுக்குட்டியைப் புடிங்க!" என்று எல்லாரும் ஓடினார்கள்.

ஒருவர் கூட அதனிடம் "பார்த்து நட" என்று சொல்லவில்லை.

டிசம்பர் 6

நேற்று பால் காய்ச்சியானதுமே அத்தை சாக்கையெல்லாம் சுருட்டி வெளியே போட்டுவிட்டார், வந்தவர்கள் தரையைப் பார்க்க வேண்டுமே. பந்தி முடிகிறவரை நிலாவைக் கீழே இறக்காமல் வைத்திருந்தேன். கட்டுப் பிரித்த கை இன்னும் விண் விண் என்கிறது.

காலையில் அடுப்படியிலிருந்து வந்தேன். பிரபு ஹாலில் தனியாக, முழங்கால் போட்டு, துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தில் தென்னை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது.

"தொடைச்சா திரும்ப வருது" என்றார்.

"வரும்" என்றேன்.

 

டிசம்பர் 8

பிரபு அத்தையிடம் தரையைப் பெயர்த்துவிட்டு மாற்றலாம் என்று சொன்னார். அத்தை சாப்பிடவில்லை. "பால் காய்ச்சின வீட்ல சுத்தியல் சத்தமா? இடிக்கிறதுக்கா கட்டுன? யாரு சொல்லிக் குடுத்தான்னு எனக்குத் தெரியும்டா" என்று, என் பக்கம் திரும்பாமலே.

பிரபு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். எட்டு நாளில் மார்கழி. மார்கழியில் யாரும் வீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். தை பிறப்பதற்குள் இவர் ரியாத்துக்குப் போய்விடுவார். போய்விட்டால்? மறுபடி நானும் இந்தத் தரையும்தான். கிட்டத்தில் வந்து கை நழுவுகிறதே.

டிசம்பர் 9

காலையில் எழுந்து பார்த்தால் சாக்குகள் மறுபடி விரித்துக் கிடக்கின்றன. வாசலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து எங்கள் அறை. மாமா போட்டிருக்கிறார். அத்தை சுருட்டினார். மாமா மறுபடி விரித்தார்.

"இது வீடா, நெல்லு களமா?" என்றார் அத்தை.

"புள்ள நடக்குற களம்" என்றார் மாமா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 21

நிலா அதற்குப் பேர் வைத்துவிட்டாள், செவலை ரோடு. அதில் மட்டும்தான் நடக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. வெளியே கால் வைத்தால் அவுட். நான் இன்னும் அவள் பின்னாலேயே குனிந்து குனிந்து போகிறேன். சாக்கு விலகிய இடம் ஏதும் இருக்கிறதா என்று கண் தரையிலேயே. சாக்கும் நாள் பூரா ஈரம், நாற்றம் வேறு அடிக்கிறது. தினமும் இரண்டு வேளை மாற்ற வேண்டும். எத்தனை நாளைக்கு?

இன்று ஒன்று கவனித்தேன். அத்தை பூஜை அறையிலிருந்து காபி டம்ளரோடு வந்தார். சாக்குமேலேயே நடந்து வந்தார். இடையில் ஒரு சாக்கு விலகிக் கிடந்தது. நின்று, காலாலேயே அதை இழுத்துச் சேர்த்துவிட்டு, அப்புறம் நடந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"முட்டி வலி" என்றார்.

ஜனவரி 3

துரைராசு அண்ணனை பிரபு கூட்டி வந்தார். பெயர்க்கவே வேண்டாமாம். இதற்கென்று ஒரு பசை வருகிறதாம், தரையைத் தேய்த்துவிட்டு இதன் மேலேயே மேட் டைல்ஸை ஒட்டிவிடலாம், கதவுகளுக்கு மட்டும் அடியில் சீவ வேண்டும் என்றார்.

"ஓதத்துல பசை நிக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"ஈரம் பட்டாலும் விடாத பசை இருக்கு தங்கச்சி. ஆனா காய்ஞ்ச நாளாப் பாத்து ஒட்டணும்."

பிரபு என்னிடம் திரும்பி, "எந்தப் பசை, எந்த டைல்ஸ், நீயே அஸார்கிட்ட பேசு" என்றார்.  அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அத்தை மட்டும் எல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "இடிக்கிற சத்தம் கேக்காதுல்ல?" என்றார். கேட்காது என்றார் துரைராசு. "பூஜை ரூமை யாரும் தொடக் கூடாது" என்று எழுந்து போனார்.

ஜனவரி 9

பிரபு கிளம்பியாச்சு. போகும்போது நிலா சாக்குமேலேயே வாசல் வரை போய் டாட்டா காட்டினாள். அவர் கீழே குனிந்து கடைசிச் சாக்கின் நுனியைச் சரி செய்துவிட்டு வண்டி ஏறினார்.

ஜனவரி 27

பொங்கலுக்கு அப்புறம் வெயில். வேலை நடக்கிறது. சாம்பல் நிறம், கையால் தடவினால் காய்ந்த வண்டல் மாதிரி இருக்கிறது. இடுக்குக்கு எபாக்ஸி. ஒரு டைல்ஸ் கோணலாகப் போய்விட்டது, பார்த்தேன், விட்டுவிட்டேன்.

தந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருகிறது. அத்தை ஓரத்தில் நின்று பார்த்தார். ஒட்டாமல் மிச்சமிருந்த கடைசிச் சதுரத்தில் குனிந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு முகமும் தெரிந்தது.

"அடியில இருக்கும்ல?" என்றார்.

"இருக்கும் அத்தை. அப்படியேதான் இருக்கும்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பிப்ரவரி 12

காலையில் மூடுபனி. வயலும் தெரியவில்லை, தென்னையும் தெரியவில்லை. எழுந்ததும் பழக்கத்தில் கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஈரம். நன்றாக வேர்த்திருந்தது.

அத்தை பூஜை அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார், காலுக்கடியில் ஒரு துண்டுச் சாக்கு. மாமா கொல்லையில் பால் கறந்துகொண்டிருந்தார். நான் ஹாலில் நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தேன்.

பாத்ரூம் கதவு திறந்தது. நிலா ஈரக்காலோடு வந்தாள். கன்றைப் பார்க்க வேண்டுமாம், தாத்தா கூப்பிட்டாராம். ஹாலுக்குக் குறுக்கே கொல்லைக் கதவை நோக்கிப் போனாள், முதலில் நடை, பாதியில் ஓட்டம். கொலுசுச் சத்தம்.

நான் எழுந்திருக்கவில்லை. காபியைக் குடித்தேன்.